ஓடத்தில் எரிந்த விளக்கு

கீலக வருஷம், ஐப்பசி 22, வியாழன்

அப்பா விட்டுப்போன பழைய ஓடத்தில் ஜெனரேட்டர் வைக்கலாமா என்று இன்று சோதித்துப் பார்த்தோம். விருத்தாசலத்துக்குப் பீங்கான் ஜாடி வாங்க வரும் வியாபாரிகள் இருட்டிய பிறகுதான் ஊர் திரும்புகிறார்கள். விளக்கு இருந்தால் அவர்களையும் ஏற்றலாம் என்று எனக்கு ஆசை. மைக் செட் கடையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

பல்பு எரிந்ததும் கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. ஓடக்காரர் கோவிந்தன், "தேர் மாதிரி இருக்குதுங்க!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இக்கரை ஓரமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னேன்.

கிருஷ்ணாயில் தீர்ந்து இயந்திரம் நின்ற பிறகுதான் அக்கரையிலிருந்து குரல் கேட்டது. "ஓடம்... ஓடம்..." எங்கள் துறையில் அக்கரையில் நிற்பவர்கள் கூப்பிட்டால்தான் ஓடம் போகும். அந்த இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போய்ப் பார்த்தால் என் தங்கை செல்வி. கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, தூறலில் பிள்ளையை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"எவ்ளோ நேரமா கூப்புட்ட?" என்றேன்.

"அது கெடக்குது. லைட்டு ரொம்ப அழகா இருந்துச்சுண்ணே."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜெனரேட்டரை விலைக்கு வாங்கிக்கொள்கிறேனா என்று காலையில் மைக் செட் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் பிள்ளை விடாமல் இருமுகிறது. அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும், ஜெனரேட்டர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.