விலங்குகள் மட்டும்

ஆனேக்கல் தாண்டி, காட்டோரத் தோட்டம்
2 ஜூன் 2024

அன்புள்ள ஜூலியாவுக்கு,

சில்வெஸ்டர் எழுதுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால் அதற்கே ஒரு தேங்க்ஸ். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் பேப்பர்.

நீ போகச் சொல்லி நான் வீட்டைவிட்டு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இங்கே நான் இருக்கிறேன், அவ்வளவுதான். என் இரண்டு நாய்களையும் ஏதோ அடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முதலில் பீட்டர், போன புதன்கிழமை ராணி. சங்கிலி மட்டும் கிடந்தது. சிறுத்தைதான் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து முனிராஜு. படம் காட்டினால் வனத்துறையிடம் கூண்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாமாம்.

இதற்கென்றே ஒரு கேமரா இருக்கிறதாம். சோலாரில் ஓடுமாம். சிம் போட்டுவிட்டால், எதிரே எது நடந்தாலும் படம் எடுத்து அதுவே போனுக்கு அனுப்பிவிடுமாம். என்னிடம் இருப்பது பட்டன் போன். எதை வாங்குவது என்றும் தெரியாது. ஒரு மிக்ஸி வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவள் நீ. உன்னைத் தவிர யாரைக் கேட்பேன், சொல்லு.

உன்னை நினைக்காத நாள் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

சில்வெஸ்டர்


ஜோகுபாளையம், பெங்களூரு 8
9 ஜூன் 2024

திரு. சில்வெஸ்டர் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருக்க வேண்டும்.

அடுகோடி ஒர்க்‌ஷாப் மூடி எட்டு மாதம் ஆகியும், தினமும் காலையில் என் கையால் டிஃபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு "வர்றேன் ஜூலி" என்று போய்க் கப்பன் பார்க்கில் உட்கார்ந்திருந்தீர்கள். வேலை போனதற்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? சாப்பாடு கட்டிக் கொடுத்தவளைப் பைத்தியக்காரி ஆக்கினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

நாய்களுக்காக மட்டும் இது.

நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வைஃபை மாடல் உங்களுக்கு ஆகாது, சிம் போடுகிறதுதான் வேண்டும். அந்த இடத்தில் எந்த கம்பெனி சிக்னல் நிற்கிறது என்று முனிராஜுவின் போனை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். சிவப்பாக மின்னுகிற லைட் வேண்டாம், மிருகம் மிரண்டு வழியை மாற்றிக்கொள்ளுமாம். வெளிச்சமே தெரியாத வகை ஒன்று இருக்கிறது. சோலார் பலகை கேமரா மேலேயே ஒட்டியிருந்தால் கேமரா நிழலில் இருக்கும்போது அதுவும் நிழலில் இருக்கும். பலகை தனியாக, ஒயரோடு வருவதை எடுத்திருக்கிறேன். சிம் என் பேரில். படம் என் போனுக்கு வரும். சிறுத்தை வந்தால் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். வேறு எதற்கும் இல்லை.

ஜூலியா


30 ஜூன் 2024

அன்புள்ள ஜூலி,

பார்சல் பத்திரமாக வந்தது. நீ பேப்பரில் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் கட்டினேன். அப்படியும் கிழக்கே பார்க்கக் கட்டித் தொலைத்தேன். காலை வெயில் நேராக அடித்து எல்லாம் வெள்ளையாகத்தான் வந்திருக்கும் உனக்கு. இப்போது வடக்கே திருப்பிவிட்டேன். சிறுத்தை உயரத்துக்கு, என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. பலகை தனியாக ஒரு கம்பத்தில். மழைக்காலம், மேல் முழுக்கப் பாசியும் புறா எச்சமும் படிகிறது. தினமும் காலை ஆறு மணிக்குப் போய்த் துணியால் துடைக்கிறேன்.

எதிரே இருந்தால் என் படமும் வருமா? வந்தால் மன்னித்துக்கொள்.

உன் சில்வெஸ்டர்


7 ஜூலை 2024

அன்புள்ள சில்வெஸ்டர்,

மன்னிப்பா! ஒரு வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படம். அதில் முன்னூற்று எண்பது, காற்றில் ஆடுகிற செடி. ஒன்று கீரிப்பிள்ளை. மீதி எல்லாம் நீங்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறேன், மேஜையில் போன் டிங் டிங் என்கிறது. என்ன பேஜார் இது! எதிரே இருக்கிற உண்ணிச்செடியை வேரோடு வெட்டுங்கள். நான் இங்கிருந்து அது அசைவை உணரும் அளவைக் குறைத்து வைக்கிறேன், அந்த வசதி ஆப்பிலேயே இருக்கிறது.

இளைத்துவிட்டீர்கள். சட்டை தொங்குகிறது. என்னதான் சாப்பிடுகிறீர்கள்? பதில் வேண்டாம், கேட்க வேண்டும் போலிருந்தது.

ஜூலியா


28 ஜூலை 2024

என் அன்பு ஜூலிக்கு,

சிறுத்தைப் படம் வந்து சேர்ந்தது. என்ன உடம்பு, என்ன நடை! அதைக் காட்டித்தான் கூண்டு வந்திருக்கிறது. சிறுத்தை இன்னும் அதில் விழவில்லை. கேழ்வரகு வயல் ஓரமாகவும் ஒரு வழி வைத்திருக்கிறது போல. அங்கே இன்னொரு கேமரா இருந்தால் நன்றாக இருக்கும். யோசித்துச் சொல்லு, அவசரம் இல்லை.

இன்னொன்று. சிரிக்காதே. பலகையைத் துடைத்து முடித்ததும் கேமரா முன்னால் குந்தி உட்கார்ந்து உனக்குக் கை தூக்குகிறேன். தலை வாரிக்கொண்டுதான் போகிறேன். நீ ஸ்கூலுக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும் நேரம் அது. நாம் ஒரே வீட்டில் இருப்பது போல இருக்கிறது. ராத்திரி சரியாகத் தூங்குகிறேன், காலையில் ஒரு வேலை இருக்கிறதே என்று. நீ பார்க்கிறாயா? பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

உன்
சில்வெஸ்டர்


6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சில்வெஸ்டர்,

பார்க்கிறேன், பார்க்கிறேன். தினமும்தான் பார்க்கிறேன். கை தூக்குவது நன்றாகத்தான் இருக்கிறது. தலை வாரினால் போதுமா, தாடியையும் எடுக்கலாம்.

இங்கே ஸ்டாஃப் ரூமில் மௌரீனுக்குக்கூட உங்கள் காடு பழகிவிட்டது. "ஜூலியா மிஸ், இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று டிஃபன் திறக்கும் முன்னால் கேட்கிறாள். முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, மூன்று மயில் என்று சொல்கிறேன். கேமரா பேட்டரி தொண்ணூறு சதவீதம் காட்டுகிறது. அதற்கு உங்கள் துணிதான் காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூலி


8 செப்டம்பர் 2024
மாதா பிறந்த நாள்

என் ஜூலி,

இன்று சிவாஜிநகர் மாதா கோவிலில், நேர்ந்துகொண்டு காவி கட்டிய கூட்டத்தில் நீ நின்றிருப்பாய். எனக்காகவும் ஒரு மெழுகுவத்தி வைத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் காலையில் உனக்கு ஒன்று காட்டினேன். அட்டையில் கரியால் பெரிய எழுத்தாக எழுதி, மார்புக்கு நேரே பிடித்தேன். கடிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் இது நிஜமா நடிப்பா என்று உனக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கு நான்தான் காரணம், உன்னைக் குறை சொல்லவில்லை. அதனால்தான் முகத்தையும் சேர்த்துக் காட்டினேன். முகத்தைப் பார்த்தால் உனக்குத் தெரியும், நீ தெரிந்துகொள்வாய்.

சரி என்றால் சரி என்று எழுது. இல்லையென்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். காரணம் எழுதாதே. நான் வருத்தப்பட மாட்டேன்.

உன்
சில்வெஸ்டர்


15 செப்டம்பர் 2024

அன்புள்ள சில்வெஸ்டர்,

பார்த்தேன். நீங்கள் இதற்கு இவ்வளவு பீடிகை போட்டிருக்க வேண்டாம்.

இப்போதைக்கு வேண்டாம். ஒன்றைச் சமாளிப்பதே எனக்குப் போதும் போதும் என்றிருக்கிறது. இருப்பதை வைத்து இந்த வருஷத்தை ஓட்டுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம். கோபம் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

காலாண்டுப் பரீட்சைத் தாள் மலை போல் கிடக்கிறது. மழையில் நனையாதீர்கள்.

ஜூலி


27 அக்டோபர் 2024

என் சில்வெஸ்டருக்கு,

இதைக் கோலார் தங்கவயலில் உங்கள் அக்கா ஜோசஃபின் வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். அவர்கள் என்னை உள்ளே விடவில்லை. விட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னார்கள்.

அக்டோபர் மூன்றாம் தேதி, வரப்பில் விழுந்து கிடந்த உங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு முனிராஜு எனக்குப் போன் செய்தார். ஆட்டோவிலேயே ஆனேக்கல் வரை வந்தேன். கண் திறந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். "வேணாம்னு எழுதிட்டியே ஜூலி, அப்புறம் எதுக்கு வந்தே?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேமராவைப் பற்றித்தானே வேண்டாம் என்று எழுதினேன், இந்த நேரத்தில் அதைப் பேசுகிறாரே, நினைவு தப்பிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

போன வாரம் கேமராவுக்குள் இருந்த கார்டை வாங்கிவந்தேன். இப்போது எனக்கு எல்லாம் தெரியும். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்ல வேண்டும்.

ஆப்பில் மூன்று கட்டம் இருக்கிறது. மனிதர், விலங்கு, வண்டி. எதில் டிக் இருக்கிறதோ அந்தப் படம் மட்டும் போனுக்கு வரும். மற்றது கார்டிலேயே தங்கிவிடும். ஜூலை பதினைந்து, திங்கட்கிழமை, பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்புகிற உங்கள் படம் வந்தது. கையில் அதே டிஃபன் பாக்ஸ். காலைச் சாப்பாட்டைத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். எனக்குக் கப்பன் பார்க்தான் கண் முன்னால் வந்தது. மனிதர் என்ற டிக்கை எடுத்துவிட்டேன். ஒரு நாளைக்கு என்றுதான் எடுத்தேன்.

பிறகு நீங்கள் கை தூக்குவதாக எழுதினீர்கள். அன்றைக்கே திரும்பப் போட்டிருக்கலாம். போட விரல் கிட்டே போகும், எடுத்துவிடுவேன். உங்கள் முகத்தைத் தினமும் பார்த்தால் வாங்க என்று எழுதிவிடுவேனோ என்று பயம். வீம்பும்தான். ஆனால் பார்க்கவில்லை என்று எழுதவும் மனசு வரவில்லை. நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தீர்களே. அதனால் பார்க்கிறேன் என்று பொய் எழுதினேன். அட்டை காட்டினேன் என்றபோது, என்ன அட்டை என்று கேட்டால் என் பொய் வெளியே வந்துவிடும். இன்னொரு கேமரா கேட்டிருந்தீர்கள் அல்லவா, அதுதான் என்று நானே முடிவு கட்டினேன்.

செப்டம்பர் மூன்று, காலை 6.12. கீழே பத்தொன்பது டிகிரி என்று இருக்கிறது. குளிரில் குந்தி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு கை தரையில் ஊன்றியிருக்கிறது. முகம் வேர்த்து உதடு கறுத்திருக்கிறது. அட்டையில், "நெஞ்சு வலிக்குது ஜூலி. வீட்டுக்கு வரட்டுமா?"

மூன்று நாள். அதற்கு நான், இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்று எழுதினேன். ஆண்டவரே, என்னை என்ன செய்யலாம்.

பார்த்திருந்தால் அன்றைக்கே ஓடி வந்திருப்பேன். இதையாவது நம்புங்கள். கீழ் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன், நீங்கள் படி ஏற வேண்டாம். வந்துவிடுங்கள். நான் வந்து அழைத்துப் போகிறேன். ஒரு வரி போதும்.

உங்கள் ஜூலி


தங்கவயல்
9 நவம்பர் 2024

ஜூலியாவுக்கு,

கடிதம் வந்தது. படித்துச் சொல்கிறேன் என்றாள் அக்கா. நானே படித்தேன், இரண்டு நாள் ஆனது. இதை எழுத மூன்று நாள். கால்வாசி நெஞ்சுதான் வேலை செய்கிறதாம், டாக்டர் அதிக நாள் சொல்லவில்லை.

நீ வேண்டாம் என்று எழுதியபோது எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். நீ வேண்டாம் என்றதை நான் தாங்கிக்கொண்டேன். அதோடு செத்திருந்தாலும் நிம்மதியாகவே செத்திருப்பேன். தினமும் பார்த்தாளே, அது போதும் என்று.

ஜூலை பதினைந்திலிருந்து எண்பது காலை. தலை வாரி, நல்ல சட்டை போட்டு, ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கை தூக்கியிருக்கிறேன். "யாரிகே சாமி நமஸ்காரா?" என்று முனிராஜு சிரிப்பார். யாருக்கு என்று கேட்டால், என் பெண்டாட்டிக்கு என்று பெருமையாகச் சொல்வேன். அதை நினைத்தால் நெஞ்சுவலியைவிட வெட்கம்தான் தாங்க முடியவில்லை.

நான் எட்டு மாதம் பொய் சொன்னபோது நீ என்னை வெளியே போகச் சொன்னாய். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று இந்த அக்காவிடமே புலம்பியிருக்கிறேன். சின்ன விஷயம் இல்லை, ஜூலி. நீ அன்று செய்தது சரி. அதையேதான் இன்று நானும் செய்கிறேன்.

வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். கீழ் வீட்டில் இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லாதே, பாவம், பிள்ளைகள் படிக்கிறார்கள்.

கேமராவைக் கழற்றி வைத்திருக்கிறார் முனிராஜு. சிம் உன் பேரில் இருக்கிறது. நிறுத்திவிடு.

சில்வெஸ்டர்