ஓடியவர் என் அண்ணன் அல்ல

அனுப்புநர்:
கலாதேவி த/பெ பிச்சைமுத்து,
மின்னியல் விரிவுரையாளர்,
புந்தோங், ஈப்போ.

பெறுநர்:
மறுஆய்வு அதிகாரி அவர்கள்,
தொழிற்சாலை விபத்து மறுஆய்வுக் குழு,
ஈப்போ.

பொருள்: சுங்காய் அருகே ரப்பர் ஆலையில் 12.3.2024 அன்று நடந்த விபத்து. இயந்திர இயக்குநர் பத்துமலை மீதான விசாரணை அறிக்கையைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்துமலை என் உடன்பிறந்த அண்ணன். அந்த ஆலையின் காற்றழுத்த இயந்திரத்தை இருபத்தாறு ஆண்டுகளாக இயக்கி வருபவர். விபத்தில் ஃபிட்டர் ஸைஃபுலின் கால் முறிந்தது. "மோட்டார் இருபது நிமிடங்களாகச் சிறிது சிறிதாக வேகம் குறைந்ததை இயக்குநர் கவனிக்கவில்லை, பிறகு அவர் ஓடிவிட்டார்" என்கிறது தங்கள் விசாரணை அதிகாரியின் அறிக்கை. இதை வைத்து வரும் 20ஆம் தேதி அவருடைய இயக்குநர் சான்றிதழை ரத்து செய்யப் போகிறார்கள். அறிக்கையின் இரண்டு கூற்றுகளும் பொய்.

2. அந்த இயந்திரத்தை ஓட்டுவது சாதாரண மோட்டார் அன்று, சிங்க்ரனஸ் மோட்டார். வேகம் மாறக் கூடாத இடங்களில் இதைப் பொருத்துவார்கள். பழைய மின்சாரக் கடிகாரத்தில் சிறியதாக இருக்கும்; லிப்டுகளிலும் ஆலைகளின் பெரிய பம்புகளிலும் பெரியதாக இருக்கும். வெளிச்சுருள்களில் பாயும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தைச் சுழற்றுகிறது. உள்ளே சுழலும் பகுதிக்குத் தனியாக நேர்மின்சாரம் கொடுத்து அதையும் காந்தமாக்குகிறோம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. இருபது துருவங்கள் கொண்ட அந்த மோட்டார், நம் நாட்டின் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். பாரம் கூடினால் சுழலி சற்றே பின்சாய்ந்து இழுக்குமே தவிர, 299 ஆகாது. பிடி அறுந்தால் சில நொடிகளில் தாளம் தவறி, இயந்திரமே அதிரும். "சிறிது சிறிதாக" என்று எழுதிய அதிகாரி மோட்டாரின் பெயர்ப்பலகையைக்கூட வாசிக்கவில்லை.

3. பிடி ஏன் அறுந்தது? சுழலிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கரித்துண்டுகள் தேய்ந்திருந்தன. தாளம் தவறியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய பாதுகாப்பு ரிலே, அடிக்கடி உற்பத்தியை நிறுத்துகிறது என்பதற்காக, ஒரு துண்டுக் கம்பியால் முடக்கப்பட்டிருந்தது. அண்ணன் இதை மூன்று முறை இயந்திரப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். படங்களை இணைத்துள்ளேன். அறிக்கையில் இது பற்றி ஒரு வரியும் இல்லை.

4. இனி அந்த "ஓடிவிட்டார்". விசாரணை மலாயில் நடந்தது. "பிறகு என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு அண்ணன் சொன்ன பதில்: "லாரி, துவான்." 'துவான்' என்றால் ஐயா. 'லாரி' இங்கே வண்டி அல்ல, மலாய்ச் சொல். ஓடுவது என்பது அதன் பொருள். பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு, ஒழுங்கிலிருந்து விலகிப்போவதும் அதுதான். மோட்டார் தாளம் தவறியதைச் சொன்னார். அந்த மொழியில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசலாம். அதிகாரி தாமாகவே "நான்" என்று சேர்த்துக்கொண்டார். இதே வாக்குமூலத்தில் அடுத்த வரி, "சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்" என்பது. ஓடிப்போனவர் எப்படி அழுத்தினார்?

5. அறிக்கையை வாசித்த முதல் இரண்டு நாள் நானும் அதை நம்பினேன் என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கிறேன். பயத்தில் யாராக இருந்தாலும் ஓடுவார்கள் என்று அண்ணனுக்கே ஆறுதல் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னது: "நான் மோட்டார சொன்னேன் தங்கச்சி. என்னைய இல்ல லா. நீயுமா?" பதினெட்டு ஆண்டுகளாக இந்த மோட்டாரைப் பாடமாக நடத்துகிற எனக்கே அச்சடித்த தாள் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. என் கோபத்தில் பாதி என் மேலேயே.

6. மருத்துவமனையில் ஸைஃபுலைப் பார்த்தேன். அவரிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. அவர் தமிழிலேயே சொன்னதை அப்படியே தருகிறேன்: "அண்ணன் ஓடலக்கா. பட்டன அமுக்கிட்டு என்னைய இழுத்துட்டு வந்தாரு. அவரு ஓடியிருந்தா, இப்ப நான் ஒங்கள அக்கான்னு கூப்புட முடியுமா?"

7. ஆகவே, ரிலேவிலிருந்து அந்தக் கம்பியை யாராவது கழற்றுவதற்குள் நேரில் வந்து பாருங்கள். ஸைஃபுலை விசாரியுங்கள். அதுவரை சான்றிதழில் கை வைக்காதீர்கள். மனுவின் மலாய்ப் படியையும் இணைத்துள்ளேன்.

8. என் அண்ணனுக்குக் கருணை காட்டும்படி நான் கேட்கவில்லை. ஒரு வாக்கியத்துக்குச் சரியான எழுவாயைக் கேட்கிறேன். ஓடியது மோட்டார். பத்துமலை நின்றார். அப்படியே எழுதித் தாருங்கள்.

இடம்: ஈப்போ
நாள்: 6.5.2024

உண்மைக்குப் பொறுப்பேற்று,
(கலாதேவி)