கதவில் தொங்கிய சுண்ணாம்பு அட்டை

வாசலில் சுண்ணாம்பு வேகிறது. பொங்கலுக்கு வீட்டை வெளுக்க உங்கள் பெரியண்ணன் ஆள் வைத்திருக்கிறார். மொடாவுக்குள் கல் வெடித்துப் புகைகிற காரநெடி அடுக்களை வரைக்கும் வந்து மூக்கில் ஏறுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “பொகைதான, அம்மிணி?” என்று உங்கள் அண்ணி கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். போய்ச் சேராத கடிதம்தான். சேர்ந்தால் மட்டும் என்ன, நான் சொன்ன எதைக் கேட்டீர்கள்?

இந்த மோகனூர் வாசலில் நின்றுதான் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டீர்கள். “காவேரித் தண்ணி பாயற பண்ணையத்த உட்டுப்போட்டு, ஊரானூட்டுச் செவுத்துக்குச் சுண்ணாம்படிக்கப் போறியா?” என்றார் அவர். உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். “எங்கையால பொழச்சுக்கறனுங்க. இனி இந்த வாசப்படிய நானும் மிதிக்க மாட்டன், எம்பொண்டாட்டியும் மிதிக்க மாட்டா” என்றீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒற்றை அறை வீடு பிடித்தோம். கஞ்சியும் நீலமும் பதம் பார்த்துக் கலந்து நீங்கள் அடித்த சுவரில் சாய்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டாது. அது உண்மை. ஆனால் உங்களை அங்கே யாருக்குத் தெரியும்? கூப்பிட ஒரு ஆள் இல்லை. அப்போதுதான் ரயிலடியில், பார்சல் மூட்டைகளில் கயிறு கோத்துத் தொங்கும் அட்டைகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தீர்கள்.

“ஊடூடாப் போயிக் கதவு வளையத்துல ஒண்ணொண்ணு மாட்டிப்போடலாம். நாஞ்சொன்னா மறந்துருவாங்க. அட்டை அங்கயே தொங்குமுல்ல?”

உங்கள் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும் என்பதால் என்னை எழுத வைத்தீர்கள். ‘சுண்ணாம்பு’ என்று கொட்டை எழுத்தில் மேலே. வீட்டுக்கே வந்து அடித்துத் தருவோம், பொங்கலுக்கு முன் சொல்லியனுப்புங்கள் என்று பொடி எழுத்தில் கீழே. கை வலிக்க எழுதினேன். ஒரு மத்தியானம் முழுக்கத் தெருத் தெருவாக மாட்டிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு வந்தீர்கள்.

நாம் ஆற்றங்கரைக்காரர்கள். நமக்கு வாந்திபேதி தெரியும், பிளேக் தெரியாது. சேலத்திலோ எலி செத்து விழுந்த வீட்டைக் காலி செய்ய வைத்து, கதவில் அடையாளம் போட்டு, நகரசபை ஆட்கள் உள்ளே சுண்ணாம்பு அடிப்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த ஊரில் போய், மத்தியானம் சாத்திக் கிடந்த கதவிலெல்லாம் சுண்ணாம்பு என்று எழுதித் தொங்கவிட்டு வந்திருக்கிறீர்கள்!

மறுநாளே எதிர்த்தெரு அம்மா அட்டையும் கையுமாக வந்து நின்றார். அவர் மகளைப் பெண் பார்க்க ஓமலூரிலிருந்து சவாரி வண்டியில் வந்திருக்கிறார்கள். வண்டியில் இருந்த கிழவி கதவைப் பார்த்ததும், “பிளேக் ஊடாட்ட இருக்குது, வண்டியத் திருப்பு சாமி” என்றாளாம். இறங்கக்கூட இல்லை. “வாசல் வரைக்கும் வந்த சம்பந்தமுங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அழுதார். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

விளக்கிச் சொல்லி அவர்களைக் கூட்டி வருகிறேன் என்று ஓமலூருக்கு நடந்தே போனீர்கள். போனவர் சும்மா போனீர்களா? சுண்ணாம்பு வாளியையும் அடிக்கிற மட்டையையும் எடுத்துக்கொண்டு போனீர்கள், அடித்துக் காட்டி நம்ப வைப்பதற்கு. வாளியைக் கண்டதும் பிளேக் சுண்ணாம்புக்காரன் வந்துவிட்டான் என்று அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. திரும்பி வந்து நீங்கள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை என்று ஒருவரும் கூப்பிடவில்லை. குழாயடியில் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். “மோகனூருக்கே போயிரலாங்க மாமா” என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனீர்கள்.

அடுத்த பனிக்காலத்தில் நிஜமாகவே எலி விழுந்தது. ஒரு காலையில் நகரசபை சேவகர் வந்து, “பிளேக் சுண்ணாம்புக்காரர் ஊடு இதுங்களா?” என்று கேட்டார். நான் கதவைப் பாதி சாத்தினேன். உங்களுக்கோ, கல்யாண வீட்டிலிருந்து அழைப்பு வந்த மாதிரி. துவைத்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

“பாத்தியா அம்மிணி, நம்ம அட்டை வீண் போகல. தேடிட்டு வந்துட்டாங்க.”

“வேண்டாங்க மாமா, அந்த ஊட்டுக்குள்ள போவாதீங்க.”

“ஆளே இல்லாத ஊட்டுல என்ன இருக்குது? செவுருதான்.”

வீடு வீடாகப் போனீர்கள். நன்றாகச் சாப்பிட்டீர்கள். புது மட்டை வாங்கினீர்கள். பிறகு ஒரு நாள் குளிருகிறது என்று படுத்தீர்கள். அக்குளில் நெறி கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் உங்களைக் கிடத்தினார்கள். அங்கிருந்து நான் தனியாகத்தான் வந்தேன்.

பெரியண்ணன்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். “ஏறு சாமி” என்றார். உங்கள் சபதத்தை மதித்து நான் எங்கே போயிருக்க முடியும்? இந்தப் படியை மிதித்தேன். மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அதுவே உறுத்துகிறது.

நீங்கள் போன துக்கத்தை இந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுது தீர்க்கப் பார்த்தேன். பாதியாவது தீர்ந்தது. தீராமல் கிடப்பது வேறு. சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டு, தலையை அழுத்திச் சீவிக்கொண்டு, அந்தச் சேவகருக்குப் பின்னால் தெருவில் நிமிர்ந்து நடந்தீர்களே, அந்தச் சந்தோஷம். சேலத்துக்குப் போன பிறகு உங்கள் முகத்தில் அதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அதை எந்தப் பெண்ணிடம் சொல்லி அழ முடியும், மாமா?