அவள் விதைத்த பயறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் பேத்தி குட்டியும் சௌக்கியம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் வந்தால் நீங்களும் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளிடம் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். கப்பல் அடுத்த துறைமுகத்தில் நிற்கும்போது உங்கள் கைக்கு வரும் என்றார்கள்.

குட்டிக்குக் கீழ்ப்பல் ஒன்று விழுந்துவிட்டது. சாப்பாட்டில் குறையில்லை. தலை பின்னத்தான் எனக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் துணி தைக்கிறவருக்கு ஒரு சடை போடத் தெரியவில்லையா என்று எதிர்வீட்டு அம்மா கேலி செய்கிறார். இப்போது அவரே பின்னி விடுகிறார்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மகள் கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. புது ஆளுக்கு அவள் மேஜை வேண்டுமாம். பள்ளி விடுமுறை என்பதால் குட்டியையும் கூட்டிப் போனேன். மேஜையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சீப்பு, குடை, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய் டப்பா. பையில் போட்டுக்கொண்டேன். கூட வேலை பார்த்த பெண்தான் அழுதாள். எனக்கு வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. இப்போதெல்லாம் விரலில் ஊசி ஏறினால்கூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது.

அந்தப் பெண் எங்களைப் பின்பக்கப் பாத்திகளுக்கு அழைத்துப் போனாள். காட்டுப் பயறையும் நாம் சாப்பிடும் பச்சைப் பயறையும் நம் பெண் இனம் கலந்து வளர்த்தாளே, அவற்றின் பேரன் பேத்திச் செடிகள் காய்த்து நிற்கின்றன. என் உள்ளங்கையில் இரண்டு விதையையும் வைத்துக் காட்டினாள். காட்டுப் பயறு மிளகைவிடச் சிறிது. மண் நிறம், புள்ளி புள்ளியாக. கீழே விழுந்தால் கண்ணுக்குப் படாது. தோல் அவ்வளவு கெட்டி. வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் ஊறாதாம். எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து ஒரே வெயிலில் காய்ந்து போகக்கூடாதே, அதற்காம். காய் முற்றினால் முறுக்கி வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். நம் பயறு பெரிது, தோல் மெல்லிசு, ஊறப்போட்டால் மறுநாள் முளை விடும். காய் வெடிக்காமல், பறிக்க ஆள் வரும்வரை செடியிலேயே நிற்கும்.

எப்படி இப்படி மாறியது என்று கேட்டேன். வெடித்துச் சிதறியதை யாரால் பொறுக்க முடியும் ஐயா என்றாள். வெடிக்காமல் நின்றதைத்தான் அந்தக் காலத்து ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அதையே திரும்ப விதைத்தார்கள். விதைத்தவுடன் முளைத்ததுதான் அறுவடைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான வருஷம் இப்படியே. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லையாம். இந்தப் பேரப்பிள்ளைகளில் எந்தக் குணம் எதில் வந்திருக்கிறது என்றுதான் நம் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குள் குட்டி ஒரு காய்ந்த காயைத் தொட்டுவிட்டாள். பட்டென்று வெடித்து ஒரு விதை என் கண்ணாடியில் வந்து அடித்தது. முதலில் வீலென்று கத்தினாள், பிறகு சிரிசிரியென்று சிரித்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று ஓடினாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சத்தத்தை இப்போதுதான் கேட்கிறேன். கூடச் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. வாய் ஒத்துழைக்கவில்லை.

வெடித்தாலும் விதை சிதறாமல் காய்களுக்குக் கட்டும் வலைப்பைகள் போதவில்லையாம். முன்பு நான் தைத்துக் கொடுத்தவைதான். கூட வேலை பார்த்த அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் கேட்டாள், தைத்துக் கொடுத்துவிட்டேன். அறுவடையை அவளே முடிப்பாளாம். ஆராய்ச்சிக் கட்டுரையில் நம் பெண் பெயர்தான் முதலில் வருமாம். சரி என்றேன்.

உங்கள் அக்கா வந்திருந்தார்கள். சுற்றி வளைத்து ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்கள். பெண் பார்த்திருக்கிறார்களாம், ஆசிரியை வேலையாம். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்குகிறீர்களாம். எனக்குக் கோபமில்லை. உங்களுக்கு என்ன வயதாகிவிட்டது? செய்துகொள்ளுங்கள்.

குட்டி உங்களிடம்தான் வளர வேண்டும். அவளுக்குச் சோறு ஆறியிருக்க வேண்டும், படுக்கும்போது விளக்கு எரிய வேண்டும். அம்மாவைப் பற்றிக் கேட்டால் யாரும் பேச்சை மாற்ற வேண்டாம். பெரிய விடுமுறைக்கு மட்டும் என்னிடம் அனுப்புங்கள்.

இரண்டு பேரும் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். வரப்போகிறவளை ஒருமுறை இங்கே கூட்டி வாருங்கள். என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அந்தப் பெண் சங்கடப்பட வேண்டாம். அப்பா என்றே கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா