உங்கள் குரலிலேயே கிடைத்த வேலை

அன்புள்ள ஆன்ட்டி,

இன்று மாலை நம் எடிசன் ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு மஞ்சள் தாளைப் பார்த்தேன். 'சீனாவில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்கள் தேவை.' தொலைபேசி எண்ணைக் கிழித்து எடுத்துக்கொள்ள வசதியாக அடியில் வால் வாலாக வெட்டியிருந்தார்கள். இரண்டு வால்கள் போயிருந்தன. எடுத்தவர்கள் யாராக இருக்கும் என்று யோசித்ததில், எடுக்கப் போன புத்தகத்தை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது.

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நீங்கள் எங்களுக்குக் கீழ்வீடு. ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில், வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கும் வேலை உங்களுக்கு. கரூரில் நான்கு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. இங்கே அமெரிக்காவில் உள்ள பள்ளிகளுக்கு எழுதிப் போட்டு, சான்றிதழ் போதாது என்ற பதிலையே வாங்கி ஓய்ந்திருந்தீர்கள். சீன வேலை விளம்பரங்களை நூலகத்துக் கணினியில் நான்தான் தேடி அச்செடுத்து வந்தேன். எல்லாம் அங்குள்ள பள்ளிகளுக்கு ஆசிரியர் பிடித்துத் தரும் ரிக்ரூட்டர்கள் போட்டவை.

அங்கிள் சிரித்தார். "இனிமே சைனாக்காரன் எல்லாம் கரூர் இங்கிலீஷ் பேசப் போறான்."

"பேசட்டுமே. கரூர் இங்கிலீஷுக்கு என்ன குறைச்சல்?" என்றீர்கள். அன்றே விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தோம்.

முதல் ரிக்ரூட்டர் ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கை முழுக்க மாவு. "எடு கண்ணு," என்றீர்கள். ஹாலுக்குப் போய் எடுத்தேன். அவர் உங்கள் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் பேசத் தயக்கம் என்பதால், வங்கியோ மின்சார அலுவலகமோ, அம்மாவின் பெயரைச் சொல்லி நானே பேசிப் பழகியவள். என் குரலும் கொஞ்சம் கனம். யோசிக்காமல் 'ஆமாம்' என்றேன். பத்து நிமிடம் பேசினார். இந்தியப் பெயரைப் பார்த்துத் தயங்கினாராம். என் அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டபின் கவலை இல்லையாம். ஆகஸ்டில் கிளம்பலாம் என்றார்.

"ஆன்ட்டி, வேலை கிடைச்சிருச்சு," என்று ஓடி வந்தேன்.

நீங்கள் கிரைண்டரை நிறுத்தினீர்கள். நடந்ததைக் கேட்டீர்கள். "யாருக்குக் கண்ணு கிடைச்சுது?"

"உங்களுக்குத்தான்."

"எங்கூட அவர் பேசவே இல்லியே."

கையைக் கழுவிக்கொண்டு நீங்களே அவரைக் கூப்பிட்டீர்கள். இதுவரை பேசியது மாடிவீட்டுப் பெண், வயது பதினான்கு. விண்ணப்பித்தது நான், இனி என் குரலைக் கேளுங்கள் என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னீர்கள். பிறகு தகவல் சொல்வதாக அவர் இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அந்தத் தகவல் வரவே இல்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "நீ நல்லதுக்குத்தான் செஞ்சே. ஆனா அங்க போயி கிளாஸ்ல வாயத் தொறக்கப் போறது நானில்லயா?"

மறுநாள் விண்ணப்பத்தை மாற்றினீர்கள். பிறந்தது இந்தியாவில், பேச்சு இந்திய உச்சரிப்பு, கையில் அமெரிக்க பாஸ்போர்ட், நான்கு வருடம் பாடம் நடத்திய அனுபவம். இவையெல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிட்டன. இதைப் போய் முதலில் சொல்வார்களா என்று எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து ரிக்ரூட்டர்களுக்கு அனுப்பினோம். பதில் போட்டது ஒரே ஒரு பெண்மணி. சான்றிதழ் நகல்களை உடனே ஃபேக்ஸ் பண்ணச் சொன்னார். பள்ளியின் பெயர் தெரியாமல் ஒரு தாளும் அனுப்ப மாட்டேன் என்றீர்கள்.

"இதுவும் போயிருமே ஆன்ட்டி."

"தரகர் சொன்னார்னு பொண்ணக் கட்டிக் குடுத்துருவாங்களா கண்ணு? அக்கம்பக்கம் விசாரிக்க வேண்டாமா?"

இரண்டு வாரம் கழித்துப் பெயர் வந்தது. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஓர் ஆசிரியையின் எண்ணையும் கேட்டு வாங்கினீர்கள். வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டு வாங்கி வந்து அவரிடமே விசாரித்தீர்கள். வேலைக்கான விசாதானா, ஒப்பந்தம் பள்ளியோடா ரிக்ரூட்டரோடா, வாரத்துக்கு எத்தனை வகுப்பு. பக்கத்தில் அங்கிள் விடாமல், "குளிருக்கு ஹீட்டர் இருக்கான்னு கேளு," என்றார். கிண்டல் அதற்குள் எங்கோ போயிருந்தது.

பிறகு அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையே கூப்பிட்டார். ஏதாவது ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொன்னார். ஒரு கடிதம் எழுதுவது எப்படி என்று அரைமணி நேரம் நடத்தினீர்கள். புடவைக் கடையில் 'வேற கலர் காட்டவா' என்று கேட்கும் குரல் இல்லை அது. கடைசி பெஞ்சுவரை போகிற குரல். நான் சமையலறையில் அசையாமல் நின்று கேட்டேன். அந்தக் குரலுக்குத்தான் அவர்கள் வேலை கொடுத்தார்கள்.

அறுபது பேர் வகுப்பு என்றும், உங்கள் அழுத்தமான 'ர'வை அத்தனை பேரும் அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள் என்றும் அங்கிருந்து எழுதினீர்கள். அந்தக் கடிதத்தைக் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அங்கிள் படித்துக் காட்டினார். இரண்டாம் வருடமும் உங்களையே வேண்டுமென்றார்கள். அது முடிந்து நீங்கள் திரும்பியபோது உடம்பு சரியில்லாமல்தான் வந்தீர்கள்.

போன வாரம் தொலைபேசி நிறுவனத்திலிருந்து அழைப்பு. வழக்கம்போல் அம்மாவின் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்றார்கள். நான் மகள், அம்மாவைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"நீயே பேசிருடி," என்று அம்மா முறைத்தாள்.

"அவங்க கேட்டது உங்களைத்தாம்மா."

அம்மா வாங்கினாள். இரண்டு முறை 'மறுபடி சொல்லுங்கள்' என்றாள். ஒருமுறை தடுமாறி நின்றாள். பிறகு தன் பெயரை, எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல் சொல்லத் தொடங்கினாள். ரிசீவரைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன், ஆன்ட்டி.