மாரி பேருக்குப் பின்னிய குல்லா

ஓமலூர்
தாரண வருஷம் கார்த்திகை மாதம் 9ஆம் தேதி, வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகள் பழனியம்மாளுக்கு அப்பன் தீர்த்தகிரி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் முனியப்பன் புண்ணியத்தில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் உயிரும் சுகமென்று சேதி வர வேண்டும், அது வந்தால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும். அம்மிணி, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்துகொள், மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல். மேலத்தெரு நாச்சிமுத்து லாரி ஓட்டுகிறானே, அவன் கையில் உன் அம்மா போன செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கரி போட்டு ஓடுகிற லாரி, ஈரோட்டில் மஞ்சளை இறக்கி மேட்டுப்பாளையத்தில் வேறு சரக்கு ஏற்றிக் குன்னூர் வந்து சேர எட்டு ஒன்பது நாள் பிடிக்குமாம், ஆகவே என் கடிதம் முந்திக்கொள்ளும் என்று நம்புகிறேன். அந்த மூட்டையில் ஒரு சிவப்புக் குல்லா இருக்கும். அதை உன் பிள்ளைக்கென்று எடுத்துவைக்கக் கூடாது. பிறந்த பிறகு தலையில் போடவும் கூடாது. ஏன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்துகிறானே என்று மாப்பிள்ளை என்னைக் கோபித்தாலும் சரி.

ஆடி மாதம் இங்கே ஆஸ்பத்திரி டாக்டரம்மா பெண்களைக் கூட்டி, பட்டாளத்துக்காரர்களுக்குக் குல்லாப் பின்னக் கற்றுக்கொடுத்தது உனக்குத் தெரியும். அதற்கு வேண்டிய பலகைகளை நான்தான் செய்துகொடுத்தேன். நடுவில் ஓட்டை போட்ட வட்டப் பலகை, ஓட்டையைச் சுற்றி இருபத்துநான்கு ஆணி, அவ்வளவுதான் சங்கதி. ஆணிக்கு ஆணி நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, அடிச் சுற்றைக் கொக்கியால் தூக்கி ஆணித் தலைக்கு மேலாக உள்ளே தள்ளிவிட்டால், ஓட்டை வழியாகத் துணி குழாய் மாதிரி கீழே இறங்கிக்கொண்டே வரும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை கீழே பிடித்து இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் கண் தொளதொளத்துப் போகும். உன் அம்மாவுக்கு இது பிடித்ததுதான் பிடித்தது, ஓமலூர் வெயிலில் கம்பளி எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. டாக்டரம்மாவுக்குத் தேநீர்ப் பானை ஆறாமல் இருக்க ஒரு உறை, நாச்சிமுத்துவுக்குப் புகையிலைப் பை, என் அளவுகோலுக்குக்கூட ஒரு சட்டை. நீ அனுப்பிய சிவப்பு நூலில் மாப்பிள்ளைக்குக் கழுத்துத்துணி பின்னினாள். இழுத்துவிடச் சோம்பல்பட்டுக்கொண்டு, கனத்துக்கு அதுவே இறங்கட்டும் என்று துணி நுனியில் ஒரு இரும்பு வளையத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

மிச்ச நூலில் உன் பிள்ளைக்கு ஒரு குல்லா என்று தொடங்கினாள். பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்க்கக் கூடாது என்பது அவளுக்கா தெரியாது. நமக்குப் பிள்ளை பிறந்தால் முதலில் போடுவதே வேறொரு பிள்ளை போட்டுக் கழித்த பழந்துணிதானே. மருத்துவச்சி அங்கம்மாள் வந்தவள் பலகையைப் பார்த்துவிட்டு, யாருக்கு அத்தாயி இது என்று உன் அம்மாவைக் கேட்டாள். கேட்டவளே வழியும் சொன்னாள். எம் பேரன் பேரைச் சொல்லிப் பின்னு, ஒரு நாளைக்கு அவன் தலையில போட்டுக் கழட்டு, பழசாப் போயிரும், அப்பறம் மலைக்கு அனுப்பு என்றாள். ஊரார் எல்லாம் செய்கிற காரியம்தான். உன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது தோஷம் இருந்தால் அது அந்தப் பச்சைப் பிள்ளை தலையில் விடியுமே என்று பயந்தாள். சட்டென்று, இது எம் மாரிக்கு என்று சொல்லிவிட்டாள். செத்தவனுக்கு இனிமேல் என்னங்க வந்துரப் போகுது என்று என்னிடம் சமாதானம் வேறு. பதினாலு வருஷமாக இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத உன் தம்பி பேர். நான் கைவேலையை நிறுத்திவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

மறுநாள் உச்சி வெயிலில் நான் நுகத்தடிக்கு மரம் இழைத்துக்கொண்டிருந்தேன், அவள் எதிரே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். காற்று அடித்தது, கொடியில் துணியெல்லாம் பறந்தது, பலகைக்கடியில் தொங்கிய சிவப்புத் துணி மட்டும் ஆடவில்லை. வளையம் கட்டியிருப்பாள் என்று பார்த்தேன், கட்டவில்லை. அவள் இழுத்தும் விடவில்லை, ஆனாலும் கண்ணுக்குக் கண் அச்சடித்தாற்போல் விழுந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்த் தொட்டேன். விறைப்பாக இருந்தது. பலகையைக் கொஞ்சம் மேலே தூக்கினேன், கனத்தது, பிறகு இளகிக்கொடுத்தது, நம் கையைப் பிடித்திருக்கிற பிள்ளை எக்கி நிற்குமே அந்த மாதிரி. இது என்னடி என்றேன். அவள் தலை நிமிராமல், அவனுக்கு அவசரமுங்க என்றாள்.

நான் இந்த மாதிரிப் பேச்சை நம்புகிறவன் இல்லை, உனக்கே தெரியும். அளவுகோல் சொன்னால்தான் எனக்குக் கணக்கு. குல்லா முடிந்த அன்று சுற்றளவு பதின்மூன்று அங்குலம். மறுநாள் பதினாறு. மூன்றாம் நாள் பத்தொன்பது. வரிசை எண்ணினேன், ஒன்றும் கூடவில்லை. கம்பளி இளகும், நனைத்தால் சுருங்கும் என்று நானே நனைத்து வெயிலில் போட்டேன், காய்ந்து பத்தொன்பதரை காட்டியது. வெளியே மொரமொரவென்று காய்ந்த குல்லா உள்ளே ஈரமாக இருந்தது, மோந்து பார்த்தால் விளக்கெண்ணெயும் வேர்வையும். குளிர்காய்ச்சலில் கிடந்தவனுக்கு நாம் உச்சியில் தேய்த்தது விளக்கெண்ணெய்தானே. மாரி தலை எத்தனை அங்குலம் என்று நான் அளந்ததில்லை அம்மிணி. அவனுக்கென்று கோலை வைத்து நான் அளந்தது குழியைத்தான்.

குல்லாவைக் கொண்டுபோய் அவன் இடத்திலேயே புதைத்துவிடலாம் என்று சொன்னேன். உன் அம்மா சரி என்றாள். நான் செவ்வாய்ச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கழுத்துத்துணியோடு அதையும் கட்டி நாச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டாள். ஒரு நாள் ஒரு பிள்ளை போட்டுப் பழசாக்கியாச்சு, இனி பேரப்பிள்ளைக்குத்தானுங்க என்று தைரியமாகச் சொன்னாள். அன்றைக்கே மாரிக்கென்று ஒரு காலுறையும் தொடங்கியிருந்தாள். அந்தத் துணி இப்போது வெறுமனே காற்றில் ஆடுகிறது. புதன், வியாழன் இரண்டு நாளும் பார்த்துவிட்டேன், இன்று காலையும் பார்த்தேன், பிடிப்பு இல்லை. இன்று அவள் மறுபடி இரும்பு வளையத்தை எடுத்துக் கட்டினாள். கட்டிவிட்டு அழுதாள். பையன் இங்க இல்லீங்க, லாரியோட போயிட்டானுங்க என்றாள். உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவன் உன்னைத் தேடித்தான் வருவான். உன் இடுப்பை விட்டு இறங்காதவன். அக்கா குளிருதக்கா, பக்கத்துல படு என்று அவன் கூப்பிட்டபோது, உனக்கும் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று உன்னை அடுத்த வீட்டில் வைத்துப் பூட்டியவன் நான். இங்கேயே குளிர் தாங்காதவன் அந்த மலைக்கு வருகிறான். கெட்டவன் இல்லை, அறியாப் பிள்ளை. ஆனால் குளிருக்கு இடம் தேடி வருகிற பிள்ளை அந்த இடத்தில் ஏற்கனவே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. எனக்குப் பயம் அதுதான். ஆகையால் மூட்டையை வீட்டுக்குள் வாங்காதே. நல்ல வெயில் நேரத்தில் நிலைப்படிக்கு வெளியே வைத்து மாப்பிள்ளையிடம் அதைப் பிரிக்கச் சொல். குல்லாவைக் கையில் எடுத்து, மாரி, இது உன்னுது, அம்மா உனக்குத்தான் பின்னினாள் என்று நீயே சொல். நீ சொன்னால் கேட்பான், எங்கள் பேச்சை அவன் என்றைக்குக் கேட்டான். சொல்லிவிட்டு மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிடு, திரும்பிப் பார்க்க வேண்டாம். நெருப்பில் போடாதே, பாவம்.

கழுத்துத்துணியில் ஒரு தோஷமும் இல்லை, மாப்பிள்ளை தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். நீ சுக்குக் கஷாயம் விடாமல் குடி, மலைச்சரிவில் தனியாக நடக்காதே. தை பிறக்கிறபோது தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பிரிந்து நல்லபடி எழுந்திருக்க வேண்டும், நீங்கள் மூவரும் ஆல்போல் தழைக்க வேண்டும். இன்னொன்றையும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை நாளும் பேரை எடுத்தாள், பேரை எடுத்தாள் என்று உன் அம்மாவைத்தான் ஏசினேன். அவள் மேல் தப்பில்லை. அன்றைக்கு மாரியை என் கையால்தான் குழிக்குள் இறக்கினேன். நம்மில் யாரையும் போ என்று சொல்லி அனுப்பிப் பழக்கமில்லை அல்லவா, வாயில் வந்துவிட்டது. போயிட்டு வா சாமி என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை, அவன் கேட்டிருக்கிறான். உனக்கும் அந்த வார்த்தைதான் வாயில் வரும், என் மகள்தானே. நாக்கைக் கடித்துக்கொண்டாவது, போ என்று மட்டும் சொல்லு அம்மிணி.

இப்படிக்கு,
உன் அப்பன்
தீர்த்தகிரி