கல்லாவில் நூறு இல்லை

நவம்பர் 9
பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், மருந்துக்கடைகள் மட்டும் இன்னும் சில நாள் வாங்கலாமாம். நான் வேலை பார்க்கும் கடையில் கூட்டம் நெரிகிறது. இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆயிரத்தை நீட்டினார் ஒருவர். "தொண்டை கட்டிருச்சு மேடம்" என்றார், கணீரென்று. பில் போட்டுக்கொண்டே சிரித்துவிட்டேன்.

நவம்பர் 10
வங்கி வரிசையில் நின்று என் வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. "கல்லாவே உன் கையிலதானே இருக்கு? நம்ம பழைய நோட்ட உள்ள வச்சுட்டு நூறா எடுத்துட்டு வாயேன். யாருக்கு நஷ்டம்?"
யாருக்கும் இல்லைதான். கணக்கில் ஒரு காசு குறையாது.

நவம்பர் 11
எடுத்தேன். சாப்பாட்டு டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தேன். "கெட்டிக்காரிடி நீ" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 13
மாதாமாதம் மகளுக்கு வலிப்பு மாத்திரை வாங்கும் தையல்காரர் வந்தார். விலை எழுபது. கையில் ஒரே ஒரு ஐந்நூறு.
"சில்லறை இல்லண்ணா. மிச்சத்த நாளைக்கு வாங்கிக்கிறீங்களா?"
"வீட்டுச் செலவுக்கும் இது ஒண்ணுதான் மேடம். புள்ளைக்கு ராத்திரிக்கு மாத்திரை இல்ல."
கல்லாவில் நூறு இல்லை. எப்படி இருக்கும்? மதியம்தான் இரண்டாவது தடவையாக எடுத்து டப்பாவில் வைத்திருந்தேன். டப்பா என் காலடியில். குனிந்து திறந்தால் வரிசை முழுவதும் பார்க்கும் — சோறு இருக்க வேண்டிய இடத்தில் நோட்டு. என் பேரில் எழுதிக்கொண்டு மாத்திரையையாவது கொடுத்திருக்கலாம். அது தோன்றவே இல்லை. இல்லை, தோன்றியது. டப்பாவைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.
"பரவால்ல. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 14
வரவில்லை.

நவம்பர் 15
அவர் மனைவி வந்தாள். அன்று இரவே பெண்ணுக்கு வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டதாம். கஞ்சிகூட இறங்கவில்லையாம்.
"காசு வேண்டாம்மா, எடுத்துட்டுப் போ" என்றேன்.
"ஏன்க்கா? எதுக்கு?"
எதுக்குன்னு நான் என்னத்தச் சொல்ல! எங்கேயோ கைமாற்று வாங்கிய எழுபதை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 16
மிச்சமிருந்த நூறுகளைக் கல்லாவில் போட்டுப் பழைய நோட்டை எடுத்து வந்தேன். காரணம் சொல்லவில்லை. "கிறுக்கு புடிச்சிருக்கா? அப்ப நீயே போய் வரிசையில நில்லு" என்றார் இவர்.

நவம்பர் 18
போனேன். வங்கி வாசலிலிருந்து தெருமுனை வரை ஆட்கள். கடைசி இடம் தேடி நடந்தபோது நடுவில் தையல்காரர். பெண் இப்போது சாப்பிடுகிறாளாம்.
"உங்களுக்குமா மேடம் இந்தக் கஷ்டம்? எவ்வளவு நேரம் நிப்பீங்க, வாங்க" என்று பின்னால் நகர்ந்து, தனக்கு முன்னால் இடம் விட்டார்.
வெயில் கடுமை. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.
போய் நின்றேன்.